ஆயாவின் பல்லாங்குழி கம்ப்யூட்டருக்குள் போன கதை

"அம்மா, இந்த லீவுல நான் ஒரு கேம் பண்ணப் போறேன்!"

போன மே மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சையெல்லாம் முடிந்து வீட்டிலிருந்த என் மகள் இப்படிச் சொன்னபோது, நான் அரிவாள்மணையில் வாழைப்பூ ஆய்ந்து கொண்டிருந்தேன். 'கேம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கோபம் வந்தது என்று கூடச் சொல்ல மாட்டேன் சகோதரிகளே, பயம்தான் வந்தது.

காரணம் இருக்கிறது. மரக்காணத்தில் என் பிறந்த வீடு. உப்பளத்தை நம்பிய குடும்பம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீராகிவிடும், தை பிறக்கும்வரை வேலை கிடையாது. அப்படி ஒரு மழைக்காலத்தில் என் அண்ணன் மகன் போனில் சீட்டாட ஆரம்பித்தான். முதலில் நூறு ரூபாய் ஜெயித்தான். அப்புறம் தோற்றான். தோற்றதை எடுக்க இன்னும் ஆடினான். தங்கை கல்யாணத்துக்கென்று அண்ணி சிறுவாடு சேர்த்த பணம் மொத்தமும் ஒரே மாதத்தில் போனது. கல்யாணம் ஒன்றரை வருஷம் தள்ளிப் போனது. அந்த வீட்டில் அன்று முதல் 'கேம்' என்றாலே கெட்ட வார்த்தை.

அந்த வார்த்தையைத்தான் என் மகள் என் வீட்டு அடுப்படியில் நின்று கொண்டு சந்தோஷமாகச் சொன்னாள்!

"ஏண்டி, மாமா வீட்டுல நடந்தது பத்தாதா?" என்றேன்.

"அம்மா, நான் ஆடப் போறேன்னு சொல்லலை. பண்ணப் போறேன். ஆயா ஆடுற பல்லாங்குழியை. மரக்காணத்துல ஆயா ஒரு பக்கம், இங்க நான் ஒரு பக்கம். காசு கீசு கிடையாது."

ஆடுவதற்கும் பண்ணுவதற்கும் இவ்வளவு வித்தியாசமா என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏழெட்டு மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு தெரிகிறது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்ளப் போகிறேன். நான் பத்தாவதோடு நிறுத்தியவள். எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

சாப்பாட்டு மேஜையில் பிறந்த விளையாட்டு

"இதெல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா கேட்டார்கள். அவர்களுக்காக என் மகள் தேடிப் பிடித்துச் சொன்ன கதை இது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ராபர்ட்டா வில்லியம்ஸ் ஓர் இல்லத்தரசி. இரண்டு சின்னக் குழந்தைகளுக்குத் தாய். கம்ப்யூட்டரில் எழுத்தாலேயே ஆடும் ஒரு விளையாட்டை ஆடிப் பார்த்தவர், "இதில் படமும் இருந்தால் என்ன?" என்று நினைத்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒரு மர்ம வீட்டின் கதையையும், எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை என்ற வரைபடத்தையும் காகிதத்தில் போட்டார். கணவர் கென் புரோகிராம் எழுதினார். 1980-ல் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. படத்தோடு வந்த முதல் கம்ப்யூட்டர் சாகச விளையாட்டு என்று அதைச் சொல்கிறார்கள். அந்தத் தம்பதியின் கம்பெனி பிற்பாடு மிகப் பெரிதாக வளர்ந்தது.

அதற்கும் முந்தின சங்கதி ஒன்று உண்டு. 1843-லேயே, கம்ப்யூட்டர் என்ற பொருளே உலகத்தில் உருவாகாத காலத்தில், அடா லவ்லேஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, சார்லஸ் பாபேஜ் கற்பனை செய்த கணக்கு இயந்திரத்துக்கு ஒரு கணக்கை எப்படிப் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது என்று எழுதி வைத்தார். முதல் புரோகிராம் என்று பலரும் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஆக, இது ஒன்றும் நமக்கு அந்நியமான வேலை இல்லை!

பெரியம்மாவுக்குக் கதை பிடித்துவிட்டது. "அப்போ நீ படம் போடு, அவ கணக்கு எழுதட்டும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது கிண்டலோ நிஜமோ, அப்படியேதான் நடந்தது.

உப்பளம் சொல்லிக் கொடுத்த புரோகிராம்

"புரோகிராம்னா என்னடி?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டருக்கு வரிசையா வேலை சொல்றதும்மா" என்றாள். எனக்கு மண்டையில் ஏறவில்லை. அப்புறம் அவளே உப்பளத்தை உதாரணம் காட்டினாள். பிறந்த வீட்டு விஷயம் ஆயிற்றே, பளிச்சென்று புரிந்தது.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள் உண்டு. உப்பு ஒரே பாத்தியில் விளைந்துவிடுவதில்லை. தண்ணீரை முதல் பாத்தியில் நிறுத்தி வெயிலில் காய விடுவார்கள். கொஞ்சம் கெட்டியானதும் அடுத்த பாத்திக்குத் திறந்து விடுவார்கள். கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி இருக்கும், 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்க ஆரம்பிக்கும். டிகிரி பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். '25 ஆகிவிட்டதா? ஆனால் கடைசிப் பாத்திக்குத் திற. இல்லையா? மறுபடி காய விடு.' இதை நாள்தோறும் திருப்பித் திருப்பிச் செய்வார்கள். உப்பு பூத்த பிறகு வாருபலகையால் வாரிக் கரையேற்றுவார்கள்.

"அம்மா, புரோகிராமும் இவ்வளவுதான். 'இப்படி இருந்தா இதைச் செய், இல்லாட்டி அதைச் செய்'. அது ஒண்ணு. 'இது முடியற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்'. அது ரெண்டு. டிகிரியைக் குறிச்சு வைக்க ஒரு டப்பா. அது மூணு. மீதியெல்லாம் இந்த மூணை வச்சுக் கட்டுறதுதான்."

நானும் என் தாத்தாவும் காலமெல்லாம் புரோகிராம் போட்டுக் கொண்டிருந்தோம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது!

தமிழிலேயே புரோகிராம் எழுத முடியும் என்பதும் உங்களுக்குச் சந்தோஷமான செய்தியாக இருக்கும். முத்தையா அண்ணாமலை என்ற தமிழர் 'எழில்' என்ற கணினி மொழியை உருவாக்கி 2009-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதில் 'பதிப்பி' என்று எழுதினால் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தைக் காட்டும். 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்று நம் வார்த்தைகளாலேயே கட்டளை போடலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வாசற்படி. என் மகள் அதில் நாலைந்து சின்னக் கணக்குகள் போட்டுக் காட்டினாள். நானும் ஒன்று எழுதினேன். பால்காரர் கணக்கு! ஒரு லிட்டர் விலையையும் நாட்களையும் பெருக்கிக் காட்டியது. பிரமாதம் என்று நானே என்னை மெச்சிக் கொண்டேன்.

முதல் முயற்சி: பூனைப் படம் போட்ட பாடசாலை

எங்கள் இரும்பையை ஒட்டித்தான் ஆரோவில். பக்கத்து இடையஞ்சாவடியில் உதவி பள்ளியிலும், இசை அம்பலம் பள்ளியிலும் 'ஸ்டெம் லேண்ட்' என்று ஒரு கூடம் நடத்துகிறார்கள். அங்கே சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே குறிக்கோள் வைத்துக் கொண்டு கணக்கும் புரோகிராமும் கற்கிறார்கள். அங்கே படித்த ஒரு தோழிதான் என் மகளுக்கு 'ஸ்கிராட்ச்' என்பதை அறிமுகம் செய்தாள்.

ஸ்கிராட்ச் என்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு குழந்தைகளுக்காக உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. எழுதத் தேவையில்லை. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்று பொருத்தினால் போதும், ஒரு பூனை நடக்கும், குதிக்கும், பேசும். 2013 முதல் பிரவுசரிலேயே திறந்து வேலை செய்யலாம். காசு கிடையாது.

பிரவுசர் என்றால் வேறொன்றுமில்லை, போனிலும் கம்ப்யூட்டரிலும் நாம் செய்தி படிக்கவும் சமையல் குறிப்பு தேடவும் திறக்கிறோமே, அந்த ஜன்னல்தான். பிரவுசரில் ஓடும் விளையாட்டுக்கு எதையும் தனியாக இறக்கிப் போட வேண்டாம். முகவரியைத் தட்டினால் வந்து நிற்கும். ஆயாவின் பழைய போனிலும் ஆடலாம். அதனால்தான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

ஸ்கிராட்சில் 'மேக மாறி' என்று ஒரு டப்பா உண்டு. அதில் நீங்கள் இங்கே ஒரு எண்ணைப் போட்டால், அதே விளையாட்டைத் திறந்து வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த எண் தெரியும். ஆனால் இரண்டு கட்டுப்பாடு. ஒரு விளையாட்டுக்கு 10 டப்பாதான், அதிலும் எண்களை மட்டும்தான் போடலாம். பல்லாங்குழிக்கோ 14 குழி! என்ன செய்வது?

இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் தோசை வார்க்கும்போது ஓடி வந்தாள். "அம்மா! ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு இலக்கம். 5 முத்துன்னா 05. பதினாலு குழியும் சேர்த்து அடுக்கினா 28 இலக்கத்துல ஒரே எண்! ஒரே டப்பா போதும்!" முன்னால் நிற்கும் பூஜ்யம் தொலைந்து போகக்கூடாதே என்று ஒரு 1 சேர்த்துக் கொண்டாளாம். தோசை கருகியதுதான் மிச்சம். ஆனால் அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் இருக்கிறதே, பரீட்சையில் தொண்ணூறு வாங்கியபோது கூட நான் பார்க்கவில்லை.

கடுதாசியும் டெலிபோனும்

ஸ்கிராட்சில் கொஞ்சம் தேறியதும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாறினாள். பிரவுசருக்குள் வேலை செய்யும் மொழி அது. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினாராம். அவசரத்தில் பிறந்த அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள வலைப் பக்கங்களில் ஓடிக் கொண்டிருக்கிறது!

வீட்டில் இருந்தது என் அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அக்கா மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு பரணில் கிடந்தது. பாட்டரி செத்துவிட்டது, ஆனால் வயரைச் சொருகினால் ஓடும். அதுவே போதுமாயிருந்தது. இதற்கென்று புதிதாக எதையும் வாங்கவில்லை என்பதைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும்.

இப்போது இரண்டு வீடுகள் ஒரே பலகையில் ஆடுவது எப்படி? இதை அவள் எனக்குச் சொன்ன விதம் இது.

சாதாரண வலைப் பக்கம் கடுதாசி மாதிரி. நாம் கேட்டு எழுதினால் பதில் வரும். மறுபடி கேட்டால் மறுபடி வரும். கேட்காவிட்டால் ஒன்றும் வராது. ஆயா அங்கே முத்தை எடுத்துப் போட்டால், இங்கே நாம் கேட்கும்வரை தெரியாது. இதற்காக 2011-ல் 'வெப்சாக்கெட்' என்று ஒரு முறையை உலகப் பொதுவாக்கினார்கள். அது டெலிபோன் மாதிரி. ஒரு தடவை இணைத்துவிட்டால் இரண்டு பக்கமும் வைக்காமல் பிடித்துக் கொண்டிருக்கலாம், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

நடுவில் ஒருவர் வேண்டும். அவர்தான் சர்வர். சர்வர் என்றதும் எனக்கு ஓட்டல் சர்வர்தான் ஞாபகம் வந்தது! ஏறக்குறைய அதே வேலைதான். இரண்டு மேஜைக்கும் கேட்டதைக் கொண்டு போய்க் கொடுக்கிறது. சர்வர் பக்கத்திலும் ஜாவாஸ்கிரிப்ட்டையே எழுத வழி செய்யும் 'நோட்' என்பதை 2009-ல் ரயான் டால் என்பவர் உருவாக்கினார். ஒரே மொழியைக் கற்றால் இரண்டு பக்கமும் எழுதலாம் என்பதால் புதிதாகக் கற்பவர்களுக்குச் சுமை பாதி.

"கணக்கு யார்கிட்ட இருக்கணும்னு நினைக்கிறே?" என்று மகள் கேட்டாள்.

"ஆடறவங்க கிட்டத்தான்."

"அப்போ ஆடறவங்க ஏமாத்திட்டா?"

உண்மைதானே! பிரவுசருக்கு வந்து சேரும் புரோகிராமை, விவரம் தெரிந்தவர்கள் திறந்து திருத்திவிட முடியுமாம். '5 முத்து' என்பதை '50' என்று மாற்றினால்? ஆகவே பலகையும் முத்தும் சர்வரிடம்தான் இருக்கும். ஆடுபவர் 'மூன்றாவது குழியை எடுக்கிறேன்' என்று கேட்க மட்டும்தான் செய்யலாம். இது அவருடைய முறைதானா, அந்தக் குழியில் முத்து இருக்கிறதா என்று சர்வர் பார்த்த பிறகே எடுத்துப் போடும். நம் ஊரில் பிள்ளைகள் ஆடும்போது திண்ணையில் உட்கார்ந்து 'ஏய், அது அவ குழி, கையை எடு' என்று அதட்டும் அத்தை இருப்பார்களே, அவர்கள்தான் சர்வர்!

பலர் சேர்ந்து ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டு இன்று நேற்று வந்ததல்ல. 1978-ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா ஆரம்பித்து, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இன்னொரு மாணவர் வளர்த்த 'மட்' என்பது அதற்கு முன்னோடி. படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். 2015-ல் பிரேசில் நாட்டில் 19 வயதுப் பையன் மாத்தியுஸ் வலடாரெஸ் 'அகார்' என்று ஒன்றைத் தனியாளாக எழுதினான். சின்ன வட்டம் தன்னைவிடச் சின்ன வட்டத்தை விழுங்கும், அவ்வளவுதான். பிரவுசரில் ஓடும் அந்த எளிய விளையாட்டை உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் ஆடினார்கள். பொழுதுபோக்காக ஆரம்பித்தவை எங்கே போய் முடிகின்றன பாருங்கள்!

ஒரு முத்து காணோம்!

ஆடி மாதத்தில் பலகை தயார். பலகைக்குப் படம் நான்தான் வரைந்தேன், பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. முத்துக்குச் சோழியைப் போட்டோ பிடித்துக் கொடுத்தேன். விதிகளையும் நான்தான் சொன்னேன். குழிக்கு ஐந்து முத்து. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக் கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாயிருந்தால் அதைத் துடைத்து, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக் கொள்ளலாம். நாலு சேர்ந்த குழி 'பசு', அது குழிக்காரருக்குச் சொந்தம்.

இதைச் சொல்லும்போதுதான் ஒன்றைக் கண்டேன். கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம்! "அப்படியே போவோம்டி" என்றால் கம்ப்யூட்டருக்குப் புரியுமா? "கடைசிக் குழிக்கு அப்புறம் எங்க?" "பசு எப்ப எடுக்கணும், உடனேயா, கை காலியான பிறகா?" என்று கேட்டுக் கேட்டு என்னைத் துளைத்துவிட்டாள். நாற்பது வருஷமாக ஆடும் ஆட்டத்தின் விதி எனக்கே முழுசாகத் தெரியவில்லை! மரக்காணத்துக்கு போன் போட்டு ஆயாவிடம் கேட்டுக் குறித்துக் கொண்டோம்.

ஆடிப் பார்த்தோம். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பத்து ஆட்டத்துக்கு ஒரு தடவை ஆட்டம் முடியும்போது ஏதோ இடித்தது. எனக்கு எப்போதும் முத்தை எண்ணிப் பையில் கட்டும் பழக்கம். அன்றும் என்னையறியாமல் எண்ணினேன். உன்னிடம் 38, என்னிடம் 31.

"ஏண்டி, பதினாலு அஞ்சு எழுபது. இங்க அறுபத்தொன்பதுதானே இருக்கு? ஒரு முத்து எங்க?"

கம்ப்யூட்டருக்குள் முத்து தொலையுமா? கட்டிலுக்கடியில் உருண்டு போகுமா? மகள் மூன்று நாள் தேடினாள். புரோகிராமில் வரும் தவறை 'பக்', அதாவது பூச்சி என்கிறார்கள். 1947-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்ததாம். அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டியே வைத்தார்கள். எங்கள் பூச்சி எங்கே?

நான்காம் நாள் நிஜப் பல்லாங்குழியை எடுத்து வைத்து, "நீ எழுதினபடியே ஒவ்வொண்ணா சொல்லு, நான் கையால செய்யறேன்" என்றேன். 14 முத்து இருந்த குழியை அள்ளச் சொன்னாள். அள்ளினேன். "ஒவ்வொண்ணா போடு." போட்டேன். ஒரு சுற்று முடிந்து, கடைசி முத்து அள்ளிய குழிக்கே வந்து விழுந்தது. "இப்ப அள்ளின குழியைப் பூஜ்யம் ஆக்கு" என்றாள்.

"இப்பவா? அள்ளும்போதே குழி காலியாயிடுமே! இப்ப ஆக்கினா புதுசா விழுந்த முத்தும் சேர்ந்து போயிடும்!"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். அவ்வளவுதான் பூச்சி! குழியைத் துடைக்கும் வரியைக் கடைசியில் எழுதியிருந்தாள், முதலில் எழுதியிருக்க வேண்டும். சாதாரணமாக 14 முத்து ஒரே குழியில் சேர்வது அபூர்வம். அதனால்தான் எப்போதாவது மட்டும் ஒரு முத்து காணாமல் போனது. ஒரு வரியை மேலே நகர்த்தினாள், தீர்ந்தது. அதோடு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு மொத்தம் 70 இருக்கிறதா என்று சர்வரே எண்ணிப் பார்க்கும்படியும் எழுதிவிட்டாள். "இது உன் வரி அம்மா" என்றாள். படிக்காதவள் என்று என்னை நானே நினைத்துக் கொண்டிருந்த எனக்கு அன்று இரவு வெகு நேரம் தூக்கமே வரவில்லை.

மரக்காணத்தில் மழை

ஐப்பசி மழை பிடித்தது. உப்பளம் மூடியாயிற்று. என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் வீங்கி வாசல் தாண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகவரியை அனுப்பினோம். அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "அந்த போன்ல கேமெல்லாம் எங்க வீட்டுல வேணாம்."

அவர்கள் பேரில் என்ன தப்பு? சுட்ட கை அல்லவா! நான் சண்டை போடவில்லை. "அண்ணி, இதுல பணம் கட்ட இடமே கிடையாது. நம்ம பிள்ளை எழுதினது, உள்ள என்ன இருக்குன்னு வரிக்கு வரி எனக்குத் தெரியும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்ததே, அதற்காகவே நான் ஏழெட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தது தகும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஆயாவின் குரல்: "எங்கடி என் குழி?"

போனைப் பிடித்துக் காட்டியது யார் தெரியுமா? அந்த அண்ணன் மகன்தான். ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் எண்ணிச் சொன்னதும் அவன்தான். நடுவில் அங்கே கரண்ட் போய் இணைப்பு அறுந்தது. மறுபடி வந்தபோது பலகை விட்ட இடத்திலேயே காத்திருந்தது, கணக்கு சர்வரிடம் இருக்கிறதல்லவா! மூன்று ஆட்டத்தில் இரண்டு ஆயாவுக்கு. ஜெயித்த ஆயா, "முத்து கையில படலியே" என்று குறைப்பட்டுக் கொண்டது வேறு விஷயம்.

போன வாரம் அண்ணன் மகன் என் மகளுக்கு போன் செய்து, "அதை எப்படி எழுதினே?" என்று கேட்டான். மணிக்கணக்கில் பேசினார்கள். போனைப் பிடித்துக் கொண்டிருந்த அதே கை இப்போது எழுதக் கற்கிறது. முழுசாகத் தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அண்ணி இப்போது அந்தப் பேச்சைத் தடுப்பதில்லை.

தாய்மார்கள் கவனத்துக்கு

பிள்ளை 'கேம் பண்ணுகிறேன்' என்று சொன்னால் செய்ய வேண்டியவை, என் அனுபவத்திலிருந்து:

1. ஆடுகிறதா, உருவாக்குகிறதா என்று முதலில் பாருங்கள். 'நீ என்ன எழுதினாய், எனக்குச் சொல்' என்று கேட்டால் தெரிந்துவிடும். சொல்லத் தெரிந்தால் கற்கிறது என்று அர்த்தம்.

2. பணம் கட்டும் விளையாட்டு எதுவானாலும் வேண்டாம். தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. இருந்தாலும் சட்டத்துக்கு முன்னால் வீட்டுக் கட்டுப்பாடு வேண்டும். வங்கிக் கணக்கோடு சேர்ந்த போனைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

3. பலர் ஆடும் விளையாட்டில் முன்பின் தெரியாதவர்கள் வரக்கூடும். நிஜப் பெயர், போட்டோ, பள்ளி, போன் நம்பர் எதையும் போடக்கூடாது என்று சொல்லி வையுங்கள். எங்கள் பல்லாங்குழியில் பேசுவதற்கு இடமே வைக்கவில்லை. இரண்டு வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய வார்த்தையைப் போட்டால்தான் திறக்கும்.

4. திரையை வெறித்துப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைந்துவிடும், அதனால் எரிச்சல் வரும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது கொல்லைப்புறத்து முருங்கை மரம். கட்டிலில் குப்புறப் படுத்து வேலை செய்ய விடாதீர்கள், மேஜையும் நாற்காலியும்தான் முதுகுக்கு நல்லது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் மூடிவிட வேண்டும். தூங்கி எழுந்தால் பாதிப் பூச்சி தானே அகப்படும்!

5. சின்னதாக ஆரம்பிக்கட்டும். முதலில் ஒருவர் ஆடும் ஆட்டம், பிறகு ஒரே கம்ப்யூட்டரில் இருவர், கடைசியில் இரண்டு வீடு. தாயம், ஆடு புலி ஆட்டம் போன்றவை விதி தெளிவானவை, ஆரம்பிக்க ஏற்றவை.

6. காசு கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்றில்லை. 'கணியம்' என்ற இணைய இதழ் 2012 முதல் தமிழில் கணினி நுட்பம் பற்றிக் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் வெளியிடுகிறது. அதில் து. நித்யா என்ற பெண்மணி எளிய தமிழில் பல புத்தகங்கள் எழுதியிருக்கிறார். எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் 'விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு' கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக் கொடுக்கிறது.

7. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் உட்காருங்கள். நமக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரிய வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும், எழுபது முத்தில் ஒன்று குறைந்தால் கேட்கத் தெரிந்தால் போதும்.

இப்போது மகள் ஆயாவுக்காக ஒரு மாற்றம் செய்து கொண்டிருக்கிறாள். குழியைத் தொட்டால் எத்தனை முத்து என்று குரலில் சொல்ல வேண்டும். குரல் யாருடையது என்கிறீர்கள்? என்னுடையதுதான்! 'ஒண்ணு, ரெண்டு, மூணு, பசு!' என்று நேற்று பதிவு செய்தோம். அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தமும் கூடவே விழுந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா, ஆயாவுக்கு நம்ம வீட்டு ஞாபகம் வரும்" என்றாள்.